பாதுகாப்பைப் பேசும் உரிமை

பன்னாட்டுப் பாதுகாப்பு என்றதும் ஏவுகணை, எல்லை, ஐ.நா. பாதுகாப்பு அவை என்றுதான் நம் மனம் ஓடுகிறது. நமக்குத் தொடர்பில்லாத துறை என்று நாமே ஒதுங்கியும் விடுகிறோம். அம்பேத்கர் ஒதுங்கவில்லை. அமைச்சர் பதவியிலிருந்து விலகியது பற்றி 1951 அக்டோபரில் அவர் வெளியிட்ட அறிக்கையை இந்து சட்டத் தொகுப்புக்காகவே நாம் நினைவுகூர்கிறோம். வெளியுறவுக் கொள்கையும் அதில் ஒரு காரணம். ஆண்டு வருவாய் 350 கோடி ரூபாயில் சுமார் 180 கோடி ராணுவத்துக்குப் போவதைக் கணக்குக் காட்டினார். பட்டியல் சாதியினர் மீதான கொடுமைகளையும் அதே அறிக்கையில்தான் எழுதினார்.

சமூகவியல் இந்த இடத்துக்கு வந்து சேர வெகுகாலம் ஆனது. 1990களில் ஓலே வேவர், பாரி புசான் முதலியோர் (கோபன்ஹேகன் பள்ளி என்பார்கள்) ஒரு கேள்வி எழுப்பினர்: ஓர் ஆபத்து எப்படிப் 'பாதுகாப்புப் பிரச்சினை' ஆகிறது? அதிகாரம் உள்ள ஒருவர் 'இது நம் இருப்புக்கே ஆபத்து' என்று அறிவிக்க வேண்டும்; கேட்பவர்கள் அதை ஏற்க வேண்டும். ஏற்றுவிட்டால் வழக்கமான விதிகளை ஒதுக்கிவைக்க வழி பிறந்துவிடும். ஆகவே பாதுகாப்பு ஒரு பேச்சுச் செயல் என்றார்கள். நீதிபதி தீர்ப்பை வாசிப்பதுபோல, சொல்வதே இங்கு செய்வது.

அப்படியானால் பேச முடியாதவர் கதி என்ன? டென்மார்க் ஆய்வாளர் லேனே ஹான்சன் 2000இல் இதைத்தான் கேட்டார். குரலை விலையாகக் கொடுத்த ஆண்டர்சனின் கடற்கன்னியைக் கட்டுரைத் தலைப்பில் வைத்து, பாகிஸ்தானில் 'கௌரவத்தின்' பேரால் கொல்லப்படும் பெண்களைச் சான்று காட்டினார். அந்தப் பெண் புகார் சொன்னால் அந்தப் புகாரே அவள் உயிருக்கு ஆபத்தைக் கூட்டும். அதனால் வாய் திறக்கமாட்டாள். பேச்சு எழும் இடத்தில் மட்டும் பாதுகாப்பைத் தேடும் கோட்பாட்டின் கண்ணில் அவள் படவே மாட்டாள். சாதி மறுத்து மணந்த இணையர் சொந்த ஊர்க் காவல் நிலையத்துக்குப் போக அஞ்சுவதைக் கண்டிருக்கும் நமக்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

பேசினாலும் கேட்கவிடாமல் செய்யலாம். 2001இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டுக்குத் தலித் அமைப்புகள் சாதியைக் கொண்டு சென்றன. சாதி இனமல்ல, அது உள்நாட்டு விவகாரம் என்றது இந்திய அரசு. இறுதிப் பிரகடனத்தில் சாதி என்ற சொல்லே வரவில்லை. சேரியில் வீடு எரிந்தால் சட்டம் ஒழுங்கு. அதை வெளியே சொன்னால் நாட்டுக்கு இழுக்கு! எது பாதுகாப்பு என்று அறிவிக்கும் அதிகாரத்தைப் போலவே, எது பாதுகாப்பாகாது என்று அறிவிக்கும் அதிகாரமும் ஆள்பவரிடம் இருக்கிறது. கோபன்ஹேகன் பள்ளி இந்த இரண்டாவதைப் போதுமான அளவு பார்க்கவில்லை என்பது நம் கருத்து.

ஆனாலும் டர்பனோடு முடியவில்லை. மறு ஆண்டே ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு தன் 29ஆம் பொதுப் பரிந்துரையில், 1965 உடன்படிக்கையில் உள்ள 'வம்சாவளி' என்ற சொல் சாதியையும் உள்ளடக்கும் என்றது. அந்தச் சொல்லை உடன்படிக்கையில் சேர்க்கக் கோரித் திருத்தம் கொடுத்த நாடு இந்தியாவேதான்.