நோயுற்ற மீனும் பீலித் தண்ணீரும்

வீட்டு மண்டபத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் நாலு கப்பி, இரண்டு மொலி, ஒரு ஏஞ்சல், அடியில் ஒரு 'டேங்க் கிளீனர்'. மலையகத்துப் பல வீடுகளிலும் இன்று இதைக் காணலாம். பிள்ளைகள் கேட்டு வாங்குவார்கள். உணவு போடுவதும் நீர் மாற்றுவதும் நாளடைவில் தாயின் வேலையாகிவிடும். ஆகவே மீன் சுகமில்லாமற் போனால் என்ன செய்வது என்ற கேள்வியும் அவளிடமே வருகிறது.

ஹேவாஹெட்ட பக்கத்துக்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் முதன்முதல் வர்த்தக ரீதியில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் இங்குதான் இருக்கிறது. சிங்களத்தில் 'லூலா' என்றால் விரால் மீன், 'கந்துர' என்றால் ஓடை. பெயரிலேயே மீன் இருக்கும் ஊர்! ஆனால் கண்டிக் கடைகளில் விற்கும் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை வெப்பமான நீருக்குப் பழகியவை. கடையில் 27 பாகை நீரில் நீந்திய மீனை பொலித்தீன் பையில் போட்டு, பஸ்ஸில் மலையேற்றி, நேரே குளிர்ந்த பீலித் தண்ணீரில் கொட்டினால் அது நடுங்கிப்போகும். பையை அரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையினுள் சேர்த்து, பின்னர் மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பை நீர் தொட்டிக்கு வேண்டாம்.

இக்குளிரில் முதலில் வருவது வெண்புள்ளி நோய். உப்புத் தூவியதுபோல் உடலிலும் செட்டையிலும் புள்ளிகள் தோன்றும்; மீன் கற்களில் உடம்பை உரசும். கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி ஒன்றே காரணம். தோலுக்குள் இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. முதிர்ந்ததும் மீனை விட்டிறங்கி, தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அவை வேறொரு மீனைத் தேடி நீந்தும்போதுதான் மருந்து வேலை செய்யும். ஆதலால் புள்ளிகள் மறைந்ததும் 'சுகம் வந்துவிட்டது' என்று மருந்தை நிறுத்துவது வீண். 25 பாகையில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் முடியும் இச்சுற்று, குளிர்நீரில் வாரக்கணக்கில் நீளும். ஒட்டுண்ணி தொட்டியெங்கும் இருப்பதால், நோயுற்ற ஒரு மீனை மட்டும் பிரித்து வைத்தும் பயனில்லை. முழுத் தொட்டிக்கும் சிகிச்சை வேண்டும்.

ஹீற்றர் இருந்தால் நாளொன்றுக்கு இரண்டு பாகை வீதம் 30 வரை உயர்த்துங்கள். சூடான நீரில் ஒட்சிசன் குறையும். காற்றுப் பம்பி நிற்கக் கூடாது. ஹீற்றர் இல்லாவிட்டால் உப்பு கைகொடுக்கும். 10 லீற்றருக்கு மட்டமான ஒரு மேசைக்கரண்டி, சுமார் 20 கிராம். வேறு பாத்திரத்தில் கரைத்து இரண்டு நாட்களில் பங்கு பங்காக ஊற்றுங்கள். அயடீன் கலந்த உப்பு கூடாதென்பார்கள். இந்த அளவில் அதனால் கெடுதியில்லை. ஆனால் டேங்க் கிளீனர் போன்ற அடிமீன்களும் நீர்ச்செடிகளும் உப்பைத் தாங்கா, அவற்றை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். கடையில் தரும் மலகைட் கிரீன் வலிமையானது. கையுறையின்றித் தொட வேண்டாம். கர்ப்பிணிகள் அப்பக்கமே போகாதிருப்பது நல்லது.

செட்டை கிழிந்து வெண்ணிற ஓரத்துடன் அழுகுவது, மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பது ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் நீரே காரணம். நம் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை தொட்டியை முழுதாகக் காலிசெய்து, மணலையும் பஞ்சையும் தேய்த்துக் கழுவும் வழக்கம் இருக்கிறது. சுத்தம் என்று எண்ணிச் செய்யும் இதுவே பல மீன்களின் உயிரை எடுக்கிறது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நீக்கும் நல்ல பக்றீரியாக்கள் அந்தப் பஞ்சிலும் மணலிலும்தான் வாழ்கின்றன. அவை மீண்டும் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். வாரம் ஒருமுறை கால்வாசி நீரை மட்டும் மாற்றி, பஞ்சை எடுத்த தொட்டி நீரிலேயே அலசுங்கள். வீட்டில் எஞ்சிய நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளைத் தொட்டியில் உடைத்துப் போடுவோரும் உண்டு. அது முதலில் கொல்வது இந்த நல்ல பக்றீரியாக்களையே.

குழாய் நீரில் குளோரின் இருக்கும்; திறந்த வாளியில் ஒரு நாள் வைத்தெடுங்கள். பீலி நீரில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அது மென்னீர். மொலியும் கப்பியும் கடின நீரை விரும்புபவை. சிறிது சிப்பி ஓட்டைக் கழுவிப் போட்டுவைப்பது உதவும். தேயிலைக் கொப்புள நோய்க்கு செப்பு மருந்து தெளிக்கும் நாட்களில், மலையிலிருந்து வடியும் நீரைத் தொட்டிக்கு எடுக்க வேண்டாம். மென்னீரில் செம்பு மீனுக்குக் கொடிய நஞ்சு.

குழாயை வாயால் உறிஞ்சி நீர் இறக்குவதை இன்றே விடுங்கள். கையில் வெட்டுக் காயம் இருந்தால் தொட்டிக்குள் கைவிடாதீர்கள். மீன்களில் சில வேளை காணும் ஒருவகைக் கிருமி, காயத்தின் வழியே புகுந்து வாரக்கணக்கில் ஆறாத கட்டியாகும். அப்படி ஒன்று தோன்றினால், மீன் வளர்ப்பதை வைத்தியரிடம் மறவாது சொல்லுங்கள். சொன்னால்தான் அவருக்கு அது நினைவில் வரும்.

காரணம் பிடிபடாமல் மீன்கள் அடுத்தடுத்து இறந்தால், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தில் கேட்கலாம். உயிருள்ள நோய் மீனையும், தனிப் போத்தலில் தொட்டி நீரையும் கொண்டுபோங்கள். செத்த மீன் சில மணி நேரத்திலேயே அழுகிவிடும்.

வயிறு ஊதி, செதில்கள் விறைத்து நின்றால் பிழைப்பது அரிது. கண்டிப் பகுதியில் கராம்புக்குக் குறைவில்லை. கராம்பு எண்ணெய் மீனை மயக்கும். ஒரு லீற்றர் நீருக்குப் பத்துத் துளி கணக்கில், சிறு போத்தலில் நன்கு குலுக்கி, மீன் இருக்கும் பாத்திரத்தில் ஊற்றினால் அது வலியின்றி உறங்கிவிடும். செவுள் அசைவு நின்றபின் அரை மணி நேரம் அப்படியே விட்டு, பின்னர் மண்ணில் புதையுங்கள். செத்ததையோ சாகப்போவதையோ ஓடையில் விடாதீர்கள். அந்த ஓடை மகாவலிக்குப் போகிறது. அங்கே நம் நாட்டு மீன்கள் வாழ்கின்றன. டேங்க் கிளீனர் ஏற்கெனவே நமது நீர்நிலைகளில் பெருகித் தொல்லை தருகிறது.

புதிய மீனை மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள். அதற்கு வேறு வலை வையுங்கள். ஒரே வலைதான் உண்டென்றால், வெயிலில் நன்றாகக் காயவைத்த பின் அடுத்த தொட்டிக்கு எடுங்கள்.