கறுப்பா, வெள்ளையா? வாத்துக் குஞ்சைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம்

அசாமில் பல வீடுகளின் பின்னால் ஒரு சிறு குளம் இருக்கும். குளம் இருந்தால் வாத்தும் இருக்கும். முட்டை விற்று வரும் காசு பெரும்பாலும் பெண்கள் கையில்தான். வங்காளத்திலும் திரிபுராவிலும் கேரளத்திலும் வாத்து வளர்ப்பவர்கள் நிறையப் பேர்.

ஒருவர் முட்டைக்காகப் பத்துக் குஞ்சு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் பஞ்சு உருண்டை போல இருக்கின்றன. தீனி போட்டு வளர்க்கிறார். வளர்ந்த பிறகு பார்த்தால் அவை மஸ்கோவி வாத்துகள்! காக்கி கேம்பெல் என்ற இனம் நன்றாகக் கவனித்தால் ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும். மஸ்கோவி வீட்டு வளர்ப்பில் பெரும்பாலும் நூறைத் தொடாது. அது கறிக்கு ஏற்ற வாத்து. கறிக்காக வாங்கியவருக்கு லாபம். முட்டைக்காக வாங்கியவருக்கு நட்டம்.

மஸ்கோவியை நம் பக்கம் மணிலா வாத்து என்பார்கள். அசாமிலும் வங்காளத்திலும் சீன வாத்து என்பார்கள். ஆனால் அது சீனாவிலிருந்து வந்ததல்ல. மாஸ்கோ நகருக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதன் தாயகம் மெக்சிகோவும் தென் அமெரிக்காவும். மற்ற வீட்டு வாத்துகளுக்கும் அதற்கும் மூதாதையே வேறு.

குஞ்சில் எப்படிக் கண்டுபிடிப்பது? நிறத்தைப் பார்த்து இனத்தைச் சொல்லாதீர்கள். நாட்டு வாத்துக் குஞ்சும் கறுப்பும் மஞ்சளுமாக இருக்கும். கறுப்பு மஸ்கோவிக் குஞ்சும் அப்படித்தான். இரண்டுக்கும் கண்ணோரம் ஒரு கறுப்புக் கோடு இருக்கும்.

காலைத் தூக்கிப் பாருங்கள். மஸ்கோவிக்கு நகம் கூர்மை. பூனை நகம் போல வளைந்திருக்கும். காட்டில் அது மரக்கிளையில் தங்கும் பறவை. அதனால் அந்த நகம். அட்டைப் பெட்டியில் விட்டால் குஞ்சு சுவரைப் பிறாண்டி ஏறப் பார்க்கும். கையில் கீறினால் எரியும், கவனம்! வாலும் கொஞ்சம் நீளம். காக்கி கேம்பெல் குஞ்சு உடம்பு முழுவதும் ஒரே மங்கிய பழுப்பாக இருக்கும். பெக்கின் என்ற வெள்ளை இனத்தின் குஞ்சு முழு மஞ்சள். அதன் அலகும் காலும் ஆரஞ்சு நிறம்.

முட்டையை நீங்களே அடை வைத்தீர்களா? அப்படியானால் நாளை எண்ணுங்கள். நாட்டு வாத்து முட்டை 28 நாளில் பொரியும். மஸ்கோவி முட்டைக்கு ஏறக்குறைய 35 நாள். 28 நாளில் பொரிக்கவில்லையே என்று முட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

மஸ்கோவிதான் என்று தெரிந்த பிறகு நிறத்துக்கு வரலாம். கறுப்பும் மஞ்சளுமான குஞ்சு வளர்ந்தால் கறுப்பாகும். பச்சை மினுமினுப்பு பிறகு வரும். முதல் இறகு மங்கலாகத்தான் இருக்கும். இறக்கையில் வரும் வெள்ளைத் திட்டும் குஞ்சில் இருக்காது. முழு மஞ்சள் குஞ்சு வெள்ளையாகும். சில மஞ்சள் குஞ்சுகளுக்கு உச்சந்தலையில் கறுப்புப் பொட்டு இருக்கும். அது வேறு இனமோ என்று பயப்பட வேண்டாம். பெரிதாகி இறகு மாறும்போது அந்தப் பொட்டு பெரும்பாலும் மறைந்துவிடும். மஞ்சளில் அங்கங்கே கறுப்புத் திட்டு இருந்தால் வளர்ந்த வாத்தும் வெள்ளையும் கறுப்புமாக இருக்கும்.

கறுப்புக்குப் பதில் சாம்பல் நிறம் தெரிந்தால், அதை வளர்ப்பவர்கள் 'நீலம்' என்பார்கள். உண்மையில் அது சிலேட்டு நிறம்தான்! இரண்டு நீல வாத்துகளைச் சேர்த்தால் எல்லாக் குஞ்சும் நீலமாக வராது. சராசரியாக நான்கில் இரண்டு நீலம், ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளி போல வெளுத்த சாம்பல். குஞ்சு விற்றவர் ஏமாற்றினார் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

நான்கு வாரம் வாக்கில் இறகு முளைக்கத் தொடங்கும். பத்து வாரத்தில் உடம்பு மூடிவிடும். அப்போது நிறம் தெளிவாகத் தெரியும். ஆண் குஞ்சின் பாதம் பெரிது. வளர்ந்த ஆண் நான்கைந்து கிலோ வரும். பெட்டை அதில் பாதிதான். முகத்தில் சிவப்புச் சதை முடிச்சு மூன்று மாதத்துக்குப் பிறகே தெரியும். வளர்ந்த ஆண் 'குவாக்' என்று கத்தாது. 'புஸ்' என்று மூச்சு விடும்.

இன்னொன்றும் உண்டு. மஸ்கோவி ஆணும் நாட்டுப் பெட்டையும் ஒரே குளத்தில் இருந்தால் சேர்ந்துவிடும். கலப்புக் குஞ்சு பிறக்கும். நன்றாகச் சதை போடும். ஆனால் அதற்கு வம்சம் கிடையாது. கழுதைக்கும் குதிரைக்கும் பிறந்த கோவேறு கழுதை போலத்தான். அதைக் கறிக்கு விற்கலாம். அடுத்த ஆண்டு குஞ்சு பொரிக்க வேண்டும் என்றால் மஸ்கோவி ஆணையும் பெட்டையையும் தனியாக அடைத்து வையுங்கள்.