கொல்லிமலை ஆலத்தூர் நாட்டில் இரவுக் குறைந்தபட்ச வெப்பநிலையை முன்கணித்தல்

தொல்காப்பியர் குறிஞ்சிக்குக் கூதிரையும் யாமத்தையும் வகுத்து, முன்பனியையும் அதற்கு உரியதாக்குகிறார். பாலைக்கு வேனிலையும் நண்பகலையும் கூறியவர் பின்பனியையும் உடன்சேர்க்கிறார். இவை அகப்பொருள் மரபின் விதிகளே. எனினும் வறண்ட நிலமும் குளிரும் முரணானவை அல்ல என்பது வானிலையியலுக்கும் உடன்பாடு. ராஜஸ்தானத்துச் சூரு நகரில் 2024 மே மாதம் பகல் வெப்பநிலை 50 பாகை செல்சியசைக் கடந்தது. அங்கேயே குளிர்கால இரவுகளில் அது சுழியத்துக்குக் கீழும் இறங்குவதுண்டு.

கதிரவன் மறைந்தபின் நிலம் நெட்டலைக் கதிர்வீச்சாக வெப்பத்தை இழக்கிறது. மேகமும் நீராவியும் அவ்விழப்பைக் குறைக்கும். காற்றிலுள்ள நீராவி துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலையாகிய பனிநிலையை எட்டியதும் உள்ளுறை வெப்பம் வெளிப்பட்டுக் குளிர்தல் தளர்கிறது. பாலை நகரில் பனிநிலை மிகத் தாழ்ந்திருப்பதால் இத்தடை கிட்டுவதில்லை. மெல்லிய காற்று எழுந்து மேலடுக்கு வெப்பத்தைக் கீழே கலந்துவிட்டாலோ முன்கணிப்பு பல பாகைகள் பிழைபடும்.

நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த கொல்லிமலையின் ஆலத்தூர் நாட்டில் ஈரம் மிகுதி. ஆயினும் இடர்ப்பாடு நீங்கவில்லை, வேறு உருக்கொள்கிறது. உயரம் கூடக் கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 பாகை குறையும் என்பது பொதுவிதி. சமவெளியின் அளவிலிருந்து இவ்விதியால் மலையின் இரவு வெப்பநிலையைக் கணக்கிடுதல் எளிது, ஆனால் நம்பத்தக்கதன்று. காற்றசைவற்ற, மேகமற்ற இரவில் சரிவுகளில் குளிர்ந்த காற்று கனத்து இறங்கித் தாழ்வான வயல்களில் தேங்குகிறது. அப்போது மேட்டைவிடப் பள்ளமே குளிர்ந்திருக்கும். இதுவே வெப்பத் தலைகீழ் மாற்றம்.

2025 மே மாதம் இந்தியா நடைமுறைப்படுத்திய பாரத் முன்கணிப்பு முறைமையின் கட்டம் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் பக்கமுடையது. முந்தைய 12 கிலோமீட்டருடன் ஒப்பிட இது பெரும் முன்னேற்றமே. ஆயினும் 36 சதுர கிலோமீட்டருக்குள் முகடும் சரிவும் பள்ளமும் ஒருங்கே அடங்கிவிடுகின்றன. மேலும், வானிலை நிலையத்து வெப்பமானி தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில் நிழற்பெட்டிக்குள் இருக்கிறது. திறந்த வெளியில் இலையின் மேற்பரப்பு அதனினும் சில பாகைகள் குளிர்ந்திருக்கலாம். அறிவிக்கப்பட்ட எண் சரியாக இருந்தும், காப்பி நாற்றங்காலை அன்றிரவு மூடுவதா வேண்டாவா என முடிவெடுக்க வேண்டிய உழவருக்கு அது போதாது.

கட்டத்தை மேலும் சிறிதாக்குவதைவிட, பள்ளத்தில் ஒன்றும் சரிவில் ஒன்றுமாகக் குறைந்தபட்ச வெப்பமானிகளை மார்கழி முதல் மாசி வரை வைத்து அளப்பதே இங்கு உடனடிப் பயன் தரும். இரண்டின் வேறுபாட்டைக் கொண்டு மாவட்ட முன்கணிப்பைத் திருத்தலாம். ஆனால் மேகமோ காற்றோ உள்ள இரவில் அவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடும். ஆகவே, திருத்தத்தை எந்த இரவில் சேர்ப்பது என்பதற்கு முதலில் அவ்விரண்டையும் முன்கணித்தாக வேண்டும்.