வெட்ஜ் வாங்குமுன்

சிற்றுண்டிச் செலவை ஒடுக்கி, உதவித்தொகையில் மிச்சம் பிடித்து, பிறர் ஆடிய கோல்ஃப் அயர்ன் மட்டைகள் ஒரு தொகுதி வாங்கினேன். மணற்குழியிலிருந்து பந்தை எடுக்க 56 பாகை சாண்ட் வெட்ஜ் ஒன்றும் சேர்த்தேன். ஆயினும் நூறு கஜத்துக்குள் வந்ததும் தடுமாறினேன். பிட்சிங் வெட்ஜால் அடித்தால் பந்து கொடியைத் தாண்டிற்று. சாண்ட் வெட்ஜால் அடித்தால் எட்டவில்லை.

குறை கையில் மட்டுமன்று, கணக்கிலும் இருந்தது. மட்டை முகத்தின் சாய்வு கூடக் கூடப் பந்து உயரும், தூரம் குறையும். அடுத்தடுத்த அயர்ன்களிடையே சுமார் 4 பாகையே வேறுபாடு. முன்னாளில் 48 பாகையளவில் இருந்த பிட்சிங் வெட்ஜ், இந்நாளில் தூரத்தை நாடிப் பல தொகுதிகளில் 44 பாகைக்கு இறங்கிவிட்டது. என்னுடையதும் 44. அதற்கும் 56-க்கும் இடையே 12 பாகை! நடுப்படி இல்லாத ஏணி அது. 50 பாகை வெட்ஜ் ஒன்று சேர்ந்தால் இடைவெளி ஆறாறாகும்.

இன்னொன்று: மட்டையின் அடிப்புறப் புடைப்பாகிய பௌன்ஸ். இளகிய மணலுக்கு அது மிகுதியாக வேண்டும். இறுகிய தரைக்குக் குறைவாக இருத்தல் நலம்.

விதிப்படி பையில் 14 மட்டைகளே இருக்கலாம். நம் பையிலோ பணமும் அளவானதே. ஆகவே முதலில் உங்கள் பிட்சிங் வெட்ஜின் சாய்வை அறியுங்கள். பிறகு கடைக்குச் செல்லுங்கள். நான் முறை மாறிச் சென்றவன்.