புழல் ஏரி கறுப்பாகும் நேரம்

காலை பத்தரை மணி வாக்கில் சென்டினல்-2 செயற்கைக்கோள் சென்னைக்கு மேலே, 786 கிலோமீட்டர் உயரத்தில் கடந்து போகும். மறுநாள் காபி குடிக்கும் நேரத்துக்கு அது எடுத்த படம் என் கணினியில் இருக்கும், ஒரு பைசா செலவில்லாமல்! எத்தனை முறை பார்த்தாலும், அந்தப் படத்தைத் திறக்கும்போது எனக்குக் கை பரபரக்கிறது. வாங்க, அதில் சென்னையின் புழல் ஏரியைக் காட்டுகிறேன்.

சாதாரணக் கலரில் பார்த்தால் கலங்கின தண்ணீர், பாசி படிந்த ஓரம், பக்கத்துத் தோப்பு எல்லாமே மங்கல் பச்சை. கரை எது, நீர் எது? இப்போது அகச்சிவப்புக்கு மாற்றுகிறேன்... பாருங்க! மையைக் கொட்டின மாதிரி ஏரி கன்னங்கரேலென்று கிடக்கிறது. சுற்றியிருக்கும் மரமெல்லாம் பளீரென்று மின்னுகிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியை இலை அள்ளித் திருப்பி வீசும், தண்ணீர் விழுங்கிவிடும். மொத்த ரகசியமும் இதுதான்!

நீரையும் நிலத்தையும் இப்படிப் பிரிக்க 1996-ல் ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தார் மெக்ஃபீட்டர்ஸ் என்ற ஆய்வாளர். பச்சை ஒளியிலிருந்து அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். படத்தில் ஒரே ஒரு கட்டத்தைப் பெரிதாக்குவோம். தரையில் அது பத்துக்குப் பத்து மீட்டர், அரை கிரவுண்டைவிடச் சற்றுக் குறைவு. அதில் பச்சை 8, அகச்சிவப்பு 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறைப் பத்தால் வகுத்தால் 0.6. பூஜ்யத்துக்கு மேலே வந்துவிட்டது, தண்ணீர்! பக்கத்துக் கட்டத்தில் மரம். பச்சை 8, அகச்சிவப்பு 40. விடை மைனஸுக்குப் போய்விடும், நிலம்! தண்ணீர்க் கட்டங்களை எண்ணினால் ஏரியின் பரப்பு கையில்.

2018 ஜூன் படத்தையும் 2019 ஜூன் படத்தையும் மாற்றி மாற்றித் தட்டினேன். முதல் படத்தில் பரந்து கிடந்த கறுப்பு, அடுத்ததில் குட்டையாகச் சுருங்கிவிட்டது. ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்த வருஷம் அது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஐப்பசி பிறந்தால் வேறு தவிப்பு. ஏரி நிரம்புகிற நேரம் பார்த்து மேகம் மூடிக்கொள்ளும். அப்போது கைகொடுப்பது சென்டினல்-1 என்ற இன்னொரு செயற்கைக்கோள். அது ரேடார் அலையைச் சாய்வாக வீசும். மழையோ இரவோ தடையில்லை. அசையாத தண்ணீர் கண்ணாடி போல அலையை வேறு பக்கம் தள்ளிவிடுவதால், அங்கேயும் ஏரி கறுப்புதான்! காற்றடித்து அலை எழுந்தால் மட்டும் கொஞ்சம் குழப்பும்.

சென்டினல்-2 வருவதற்கு முந்தைய கதை வேண்டுமா? 1972-லிருந்து வரிசையாகப் பறக்கும் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் சேர்த்த படங்கள் இருக்கின்றன. நம் ஊர் ஏரிகளின் குடும்ப ஆல்பம் அது. 2008-லிருந்து எல்லோருக்கும் இலவசம்!

ஆனால் இந்தக் கணக்கை ஏமாற்றுவதில் பெரிய கில்லாடி ஆகாயத்தாமரை. ஏரி நிறையத் தண்ணீர் இருக்கும். மேலே இலை மூடியிருப்பதால் கணக்கு நிலம் என்று சத்தியம் செய்யும். இன்றைய படத்தில் கிழக்கு ஓரத்தில் ஏழு கட்டம், போன முறை தண்ணீர், இந்த முறை நிலம். ஏரி வற்றியதா, இலை படர்ந்ததா? வண்டிச் சாவி எங்கே... நேரில் பார்த்துவிட்டு வருகிறேன்!