ஒரிஜினலை நீட்டும் முன்

பிளஸ் டூ முடிவு வந்த அன்றே போன் அடிக்கத் தொடங்கிவிடும். "தம்பி, உங்க மார்க்குக்கு ஏஐ சீட்டே இருக்கு. இன்னைக்கே அட்வான்ஸை ஜிபே பண்ணிடுங்க, நாளைக்கு இருக்காது." அடுத்து வாட்ஸ்அப்பில் படங்கள்; இன்ஸ்டாகிராமைத் திறந்தால் அதே கல்லூரியின் ரீல்ஸ். நம் எண் எப்படிப் போனது? கல்விக் கண்காட்சியில் நிரப்பிய படிவம், கட்-ஆஃப் பார்க்கத் தட்டிய லிங்க் என்று பல நேரம் நாமே கொடுத்ததுதான்.

கல்லூரி விளம்பரம் செய்வதில் தப்பில்லை. (ட்ரோனில் எடுத்தால் எந்தக் கட்டடமும் அழகுதான்.) ஆனால் பேசுகிறவர் கல்லூரி ஊழியர்தானா, சீட்டுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கும் ஏஜென்ட்டா என்பது குரலில் தெரியாது.

அவர் சொல்லாமல் விடுவதில்தான் பெரிய நஷ்டம். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. முதல் பட்டதாரி சலுகையும் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தவர்களுக்கே. அவசரப்பட்டு மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இரண்டும் போச்சு. "சலுகை எங்ககிட்டயும் உண்டு" என்று ஏஜென்ட் சொன்னால், எந்தச் சலுகை, யார் தருவது என்று கேளுங்கள்.

அட்வான்ஸ் கட்டியாகிவிட்டதா? பொறியியல் கல்லூரியில் வகுப்பு தொடங்கும் முன் விலகினால், அதிகபட்சம் 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) விதி. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2018 அறிவிப்பில் கட்டணத்தைத் திருப்பித் தருவதற்குக் கெடு வகுத்திருக்கிறது. மதிப்பெண் பட்டியலையும் டிசியையும் சரிபார்த்த கையோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். பிடித்து வைத்துக்கொள்ளக் கல்லூரிக்கு உரிமையில்லை. "மூணு வருஷப் பணத்தைக் கட்டிட்டு ஒரிஜினலை வாங்கிக்க" என்பது சட்டமல்ல, மிரட்டல்.

இங்கேதான் அந்தப் போன் நம் பக்கம் திரும்புகிறது. வாயால் சொன்ன ஒவ்வொன்றையும், கட்டணம், ஸ்காலர்ஷிப், வேலைவாய்ப்பு எல்லாவற்றையும், "வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்க" என்று கேளுங்கள். எழுதத் தயங்குகிறவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. பணத்தைத் தனிநபர் எண்ணுக்கு அனுப்பாதீர்கள். கல்லூரிக் கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள். அந்தப் பாடப்பிரிவுக்கு இந்த ஆண்டு ஏஐசிடிஇ ஒப்புதல் உண்டா என்று அதன் தளத்திலேயே பார்த்துவிடலாம்.

கட்டணமோ சான்றிதழோ திரும்பி வராவிட்டால் முதலில் கல்லூரிக்கு எழுத்தில் கேளுங்கள். பிறகு ஏஐசிடிஇயின் குறைதீர் தளத்திலோ மானியக் குழுவின் இ-சமாதான் தளத்திலோ புகார் செய்யுங்கள். தொல்லை அழைப்புக்கு 1909. போலி ஏஜென்ட்டிடம் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930. பிரச்சினை தீரும்வரை அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள்.