தாகத்தில் பூக்கும் கொடி

நெடுஞ்சாலை நடுத்திட்டில் சித்திரை வெயில் சுட்டெரிக்கும்போதும் காகிதப்பூ கொத்துக் கொத்தாய்ப் பூத்து நிற்கிறது. தண்ணீர் காணாத மண்ணில் இத்தனை நிறம் எப்படி வந்தது? ஒரு கொத்தைப் பிரித்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

கிள்ளிய கொத்தை உள்ளங்கையில் வையுங்கள். ஊதா நிறத்தில் மூன்று மெல்லிய தகடுகள் இருக்கும். ஒன்றை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நடுநரம்பும் அதிலிருந்து பிரியும் கிளை நரம்புகளும் தெளிவாகத் தெரியும். நாம் இதழ் என்று நினைப்பது நிறம் ஏறிய இலை. தாவரவியலில் இதற்குப் பூவடிச் செதில் என்று பெயர். ஒவ்வொரு செதிலின் நடுநரம்பிலும் ஒட்டிக்கொண்டு ஒரு சிறு குழல் நிற்கும். அதன் நுனியில் வெளிர்வெள்ளையாக நட்சத்திரம்போல் விரிவதுதான் உண்மையான பூ.

அந்தப் பூ சீக்கிரம் வாடிவிடும். செதிலோ வாரக்கணக்கில் நிறம் குன்றாமல் இருந்து பூச்சிகளை அழைக்கும். பிறகு காய்ந்து, காயைச் சுமந்துகொண்டு காற்றில் பறக்கும். ஒரே உறுப்பிடம் இரண்டு வேலை வாங்குகிறது இந்தக் கொடி.

நிறத்திலும் ஒரு விசேஷம் உண்டு. ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் சிவப்பைத் தருவது ஆந்தோசயனின். காகிதப்பூவின் நிறமி பீட்டாலைன். பீட்ரூட்டையும் செந்தண்டுக் கீரையையும் சிவக்க வைப்பதும் இதுவே. இந்த இரண்டு நிறமிகளும் இயற்கையில் ஒரே செடியில் சேர்ந்து இருந்ததாக இதுவரை யாரும் கண்டதில்லை. நம் வீட்டு அந்திமந்தாரையும் வயல் ஓரத்து மூக்கிரட்டையும் காகிதப்பூவின் குடும்பம்தான்.

தாயகம் தென் அமெரிக்கா. 1767இல் பிரெஞ்சுக் கடற்பயணி பூகன்வில்லின் உலகப் பயணம் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவைத் தொட்டபோது, தாவரவியலாளர் கொமர்சோனின் சேகரிப்பில் இந்தக் கொடி சேர்ந்தது. ஆண் வேடமிட்டு அவருடைய உதவியாளராக வந்த ழான் பாரேதான் அதைப் பறித்திருக்கக்கூடும் என்று கருதுவோர் உண்டு. உலகைச் சுற்றிவந்த முதல் பெண்ணாக அறியப்படுபவர் அவர். கொடிக்குப் பயணத் தலைவரின் பெயரே நிலைத்தது: போகன்வில்லா.

வீட்டில் வளர்க்க ஏற்ற இனம் போகன்வில்லா கிளாப்ரா. இதன் இலை வழுவழுப்பாக இருக்கும், முள் சிறியது. தோட்ட ரகங்களில் விதை பிடிப்பது அரிது என்பதால் குச்சி நட்டுத்தான் பெருக்க வேண்டும். பென்சில் கனத்தில், நான்கைந்து கணுக்கள் உள்ள, பாதி முற்றிய குச்சியை வெட்டி, மணல் கலந்த மண்ணில் நட்டு நிழலில் வையுங்கள். வேர் பிடித்ததும் செம்மண், மணல், மட்கிய தொழு உரம் கலந்த தொட்டிக்கு மாற்றலாம். மாற்றும்போது மண்கட்டி உடையக் கூடாது. இதன் வேர் நுண்ணியது, எளிதில் அறுந்துபோகும்.

இனி வெயில்தான் முக்கியம். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் படவேண்டும். நிழலில் வைத்து, தினமும் நீர் ஊற்றி, யூரியாவும் போட்டால் கொடி இலையாகத் தழைக்கும், பூ வராது. மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீர் விடுங்கள். வளர்ந்த கொடி இலை லேசாகத் துவளும்வரை காத்திருந்து ஊற்றினால் இன்னும் நல்லது. மண் வறண்டு வளர்ச்சி அடங்கும்போதுதான் இந்தக் கொடி பூக்கத் தொடங்குகிறது. நடுத்திட்டுக் கேள்விக்கு மீதி விடை இதுதான்.

பூத்து முடிந்ததும் கவாத்து செய்யுங்கள். புதிதாக வரும் கிளையில்தான் அடுத்த பூ. தொட்டியில் நீர் தேங்கினால் வேர் அழுகும். அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மொட்டை மாடியில் வேறு எந்தச் செடியும் தாங்காத வெயில் மூலை ஒன்று இருந்தால், அதைக் காகிதப்பூவுக்குக் கொடுங்கள். தண்ணீரில் மட்டும் கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டுங்கள்.